எய்தவன் இருக்க கேபிளை நோவானேன்?

கார் எஞ்சினை ட்யூன் பண்ண ஒரு காலத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரும் நல்ல காதும் போதும். கார்புரேட்டரில் ஒரு திருகைத் திருகி, சத்தத்தைக் கேட்டு, மறுபடி கொஞ்சம் திருகி... அந்தக் காலம் மலையேறிவிட்டது. இன்ஜெக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும், ஸ்பார்க் எத்தனை டிகிரி முன்கூட்டியே அடிக்க வேண்டும் என்பதையெல்லாம் இப்போது தீர்மானிப்பது டேஷ்போர்டுக்கு அடியில் குந்தியிருக்கும் ஒரு அலுமினியப் பெட்டி. ஈசியூ என்பார்கள். அந்தப் பெட்டியோடு பேச லேப்டாப் வேண்டும். லேப்டாப்பையும் பெட்டியையும் இணைக்க யூஎஸ்பி கேபிள் வேண்டும். அந்தக் கேபிள் யார் எவர் என்று லேப்டாப்புக்கு அறிமுகம் செய்துவைக்க ஒரு டிரைவர் வேண்டும். (காக்கிச் சட்டை டிரைவர் இல்லை. இந்த டிரைவர் வண்டியை ஓட்ட மாட்டார். ஆனால் ஓடவிடாமல் செய்ய அவரால் முடியும். பிரச்சினையே அங்கேதான்.)

அமெரிக்காவிலோ இங்கிலாந்திலோ ஒரு சனிக்கிழமைக் காலை. வாரம் முழுக்க வேறு வேலை பார்த்துவிட்டு வந்த ஒருத்தர், வீட்டு கராஜில் நிற்கும் பழைய மாஸ்டா மியாட்டாவில் சொந்தமாக ஒரு மெகாஸ்குர்ட் பெட்டியை மாட்டியிருக்கிறார். கேபிளைச் சொருகுகிறார். விண்டோஸ் 'டிங்' என்கிறது. டிவைஸ் மேனேஜரைத் திறந்து, போர்ட் பட்டியலில் கேபிளுக்கு எந்த காம் எண் கிடைத்திருக்கிறது என்று பார்த்து, அதே எண்ணை ட்யூனர்ஸ்டுடியோவில் கொடுத்தால் மீட்டர்கள் உயிர் பெற்று ஆட வேண்டும். போன வாரம் ஆடின. இந்த வாரம் ஆடவில்லை. காரில் ஒன்றும் மாறவில்லை, கேபிளும் அதேதான். மாறியது ஒன்றே ஒன்று: இரவோடு இரவாக விண்டோஸ் அப்டேட் ஒரு டிரைவரைக் கொண்டுவந்து இறக்கியிருக்கிறது.

2014 அக்டோபரில் உலகம் முழுக்க எத்தனையோ மேஜைகளில் நடந்தது இதுதான். செய்த கம்பெனி எஃப்டிடிஐ, ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் இருப்பது. அடிபட்டவர்கள் பெரும்பாலும் அந்தக் கம்பெனியின் பெயரைக்கூடக் கேள்விப்படாதவர்கள்.

கொஞ்சம் பின்கதை. மெகாஸ்குர்ட்டை 2001 வாக்கில் புரூஸ் பவுலிங், அல் கிரிப்போ என்ற இரண்டு பேர் ஆரம்பித்தபோது, கம்ப்யூட்டர்களின் முதுகில் ஒன்பது ஊசி சீரியல் போர்ட் இருந்தது. நேராகச் சொருகினால் வேலை முடிந்தது. முதல் மாடல் விநாடிக்கு 9600 பிட் வேகத்தில் ஆமை மாதிரிப் பேசும், அடுத்த மாடல் 115200. பிறகு லேப்டாப் கம்பெனிகள் சீரியல் போர்ட்டைக் கழற்றி எறிந்தன. ஆனால் கார்களுக்கு அது தெரியாதே! பழைய ஃபோக்ஸ்வாகனில் கே-லைன் என்ற ஒற்றைக் கம்பியில் 10400 வேகத்தில் நடக்கும் பேச்சும் சீரியல் பேச்சுதான். ஆகவே நடுவில் ஒரு துபாஷி தேவைப்பட்டது. ஒரு பக்கம் யூஎஸ்பி, மறுபக்கம் சீரியல் பேசும் ஒரு சின்ன சிப். எஃப்டிடிஐயின் எஃப்டி232 ஆர்எல், தைவானின் ப்ரோலிஃபிக் கம்பெனியுடைய பிஎல்2303, பிற்பாடு சீனாவிலிருந்து வந்த சிஹெச்340. ட்யூனிங் கேபிள் என்று பிளாஸ்டிக்கில் சுற்றி விற்கப்படும் மலிவுச் சரக்கில் முக்கால்வாசிக்கு உள்ளே இருப்பது இந்த மூன்றில் ஒன்று, அல்லது இந்த மூன்றில் ஒன்றின் வேஷம்.

எஃப்டிடிஐ சிப் நல்ல சிப் என்பதில் சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு சிப்புக்கும் தனி வரிசை எண் உண்டு. அதனால் கேபிளை எந்த ஓட்டையில் சொருகினாலும் விண்டோஸ் அதை அடையாளம் கண்டு அதே காம் எண்ணைக் கொடுக்கும். வரிசை எண் இல்லாத சிப்பை வலது பக்கம் சொருகினால் காம் 3, இடது பக்கம் சொருகினால் காம் 7. காம் 4-க்கு மேல் எண்ணத் தெரியாத பழைய ஃபோக்ஸ்வாகன் மென்பொருளோடு மல்லுக்கட்டியவர்களுக்கு இந்த ஒரு வசதியின் அருமை தெரியும். எஃப்டிடிஐயில் லேட்டன்ஸி டைமர் என்று ஒரு சமாச்சாரமும் உண்டு. சின்னச் சின்ன பதில்களை உடனே அனுப்பாமல் 16 மில்லி விநாடி சேர்த்துவைத்து அனுப்புவது அதன் வழக்கம். டிவைஸ் மேனேஜரில் போர்ட்டின் அட்வான்ஸ்ட் அமைப்புக்குள் போய் அதை 1 ஆக்கினால், மந்தமாக ஆடிக்கொண்டிருந்த மீட்டர் முள்ளுக்குக் குளுக்கோஸ் ஏற்றியது மாதிரி ஆகிவிடும். ட்யூனிங் கேபிள் அமைப்பவர்கள் செய்ய வேண்டிய முதல் வேலை அது. பலர் செய்வதில்லை, செய்யாமலே "சாஃப்ட்வேர் சரியில்லை" என்று திட்டுகிறார்கள்.

நல்ல சரக்கு என்றால் போலி வராமலா இருக்கும்? வந்தது. 2014 பிப்ரவரியில், சிப்களின் மேலோட்டை நீக்கி உள்ளே படமெடுக்கும் ஸெப்டோபார்ஸ் என்பவர்கள் ஒரு நிஜ எஃப்டி232 ஆர்எல்லையும் ஒரு போலியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார்கள். போலியின் உள்ளே இருந்தது வேறொரு பொதுவான மைக்ரோகன்ட்ரோலர். அதை எஃப்டிடிஐ மாதிரி நடிக்கச் சொல்லி எழுதியிருந்தார்கள். வெளியே எஃப்டிடிஐ முத்திரை, 28 கால், அளவு எல்லாம் கச்சிதம். கவனியுங்கள், நிஜம் எது போலி எது என்று உறுதியாகத் தெரிந்துகொள்ள உள்ளே திறந்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்க வேண்டியிருந்தது. இந்தக் கெட்டிக்காரத்தனத்தைத்தான் கராஜில் நிற்கும் மனிதரிடம் கம்பெனி எதிர்பார்த்தது!

இனி எஃப்டிடிஐ என்ன செய்தது என்று பார்க்கலாம். ஒவ்வொரு யூஎஸ்பி சாதனத்துக்கும் இரண்டு அடையாள எண்கள்: தயாரிப்பாளர் எண், சரக்கு எண். எஃப்டிடிஐக்கு 0403, இந்த சிப்புக்கு 6001. ரேஷன் கார்டு எண் மாதிரி. இந்த எண்ணை வைத்துத்தான் எந்த டிரைவரை எழுப்புவது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. புதிய டிரைவர், சொருகிய சிப் போலி என்றால், அதன் நினைவகத்துக்குள் புகுந்து சரக்கு எண்ணை 0000 என்று மாற்றி எழுதியது. அவ்வளவுதான், கார்டு ரத்து. அதற்குப் பிறகு அந்தக் கேபிளை எந்த டிரைவருக்கும் தெரியாது. அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு மேக்குக்குப் போனாலும் சரி, லினக்ஸுக்குப் போனாலும் சரி, "நீ யாரப்பா?" என்ற கேள்விதான். ஏனென்றால் மாறியது கம்ப்யூட்டரில் இல்லை, கேபிளுக்குள்.

"தெரியாமல் நடந்துவிட்டது" என்று சொல்லவும் வழியில்லை. நிஜ எஃப்டிடிஐ சிப்பில் நினைவகத்தில் எழுத இரண்டு இரண்டு முகவரிகளாக ஜோடி சேர்த்து எழுத வேண்டும். பாதியை மட்டும் எழுதினால் அது காதில் போட்டுக்கொள்ளாது. போலி சிப்புக்கு இந்த நெளிவுசுளிவு தெரியாது, சொன்னதையெல்லாம் உடனே எழுதிக்கொள்ளும். டிரைவர் வேண்டுமென்றே அந்தப் பாதியை மட்டும் எழுதியது. நிஜத்துக்கு ஒன்றும் ஆகாது, போலி செத்துவிடும். இது கை தவறி விழுந்த பூச்சிமருந்து இல்லை, அளந்து கலந்த பூச்சிமருந்து. உரிம ஒப்பந்தத்தில், தங்களுடையது அல்லாத சிப்பில் இந்த மென்பொருளைப் பயன்படுத்தினால் அது மீளமுடியாதபடி சேதமடையலாம் என்று எழுதியும் வைத்திருந்தார்கள். தானாக இறங்கும் அப்டேட்டில் அந்த ஒப்பந்தத்தை எந்தப் புண்ணியவான் படித்து 'சம்மதம்' அழுத்தினான்?

இதை நியாயப்படுத்த ஒரு கூட்டம் அன்றே கிளம்பியது, இன்றும் இருக்கிறது. "போலி சரக்கை வாங்கியவனுக்கு என்ன உரிமை? கள்ள நோட்டு வைத்திருந்தால் பேங்க் பிடுங்கிக்கொள்ளாதா?" என்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கள்ள நோட்டைப் பிடிக்கும் அதிகாரத்தைப் பேங்குக்குக் கொடுத்தது சட்டம், அதற்கு ஒரு ரசீது உண்டு, முறை உண்டு. வர்த்தகமுத்திரை வைத்திருக்கும் தனியார் கம்பெனி இன்னொருத்தர் வீட்டுக்குள் ராத்திரி புகுந்து, அவர் நம்பி வாங்கிய வாட்ச் போலி என்று சுத்தியலால் உடைத்துவிட்டுப் போக எந்த நாட்டுச் சட்டமும் அனுமதி தரவில்லை. போலி என்றால் சுங்கத்துறை பறிமுதல் செய்யும், கோர்ட் தடை போடும், தயாரித்தவன் மேலும் விற்றவன் மேலும் வழக்கு வரும்.

பி.காம் பிசினஸ் லா வகுப்பில் தூங்காமல் இருந்தவர்களுக்கு 1930-ஆம் வருட சரக்கு விற்பனைச் சட்டம் ஞாபகம் இருக்கும். அது இங்கிலாந்தின் 1893-ஆம் வருடச் சட்டத்தைப் பார்த்து எழுதியது. அதே சட்டத்தின் வாரிசுதான் பிரிட்டனில் 1979-இல் வந்த சட்டமும். மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்கின்றன: இன்ன சரக்கு என்று வர்ணித்து விற்றால் சரக்கு அந்த வர்ணனைக்கு ஒத்திருக்க வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் விற்றவன் பதில் சொல்ல வேண்டும். எஃப்டிடிஐ சிப் என்று எழுதி வேறொன்றை விற்றவன் தப்பு செய்தான். வாங்கியவர் ஏமாந்தார். ஏமாற்றியவனை விட்டுவிட்டு ஏமாந்தவரை அடிப்பதற்கு எந்த செமஸ்டரிலும் பாடம் இல்லை.

இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. போலி என்பது வேறு, ஒத்துப்போகும் நகல் என்பது வேறு. எஃப்டிடிஐ முத்திரையைக் குத்தி விற்றால் அது போலி. முத்திரை குத்தாமல், அதே மாதிரி வேலை செய்யும் சிப் என்று விற்றால் அதைப் போலி என்று சொல்லிவிட முடியாது. டிரைவருக்கு சிப்பின் முதுகில் என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்க்கக் கண் கிடையாது. நடத்தையை வைத்துத்தான் தீர்ப்பு. தங்கள் டிரைவரைத் தங்கள் சிப்புக்கு மட்டும்தான் தருவோம் என்று கம்பெனி சொல்லலாம், அது அவர்கள் உரிமை. "வேலை செய்ய மாட்டேன்" என்று டிரைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தால் யாரும் பெரிதாகக் கேட்டிருக்க முடியாது. நின்றதா? எழுந்து போய் எதிராளியின் கையை உடைத்தது.

1970-இல் ஜார்ஜ் அகெர்லாஃப் என்ற பொருளாதார அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார், 2001-இல் நோபல் வாங்கிய மூவரில் ஒருவர். அவர் எடுத்துக்கொண்ட உதாரணமும் கார்தான், பழைய கார். விற்பவனுக்கு வண்டியின் குறை தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. நல்லது எது சொத்தை எது என்று பிரித்துப் பார்க்க முடியாத சந்தையில் வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் கொடுக்க மாட்டார். அந்த விலைக்கு நல்ல வண்டிக்காரன் விற்க மாட்டான். கடைசியில் சொத்தைகள் மட்டும் மிஞ்சும். ட்யூனிங் கேபிள் சந்தை அப்படியே அகெர்லாஃப் சந்தை. கேபிளைக் கோத்த தொழிற்சாலைக்கே பல சமயம் தெரியாது. அவன் தரகரிடம் சிப் வாங்கினான், தரகர் இன்னொரு தரகரிடம். சங்கிலியில் மிகக் குறைவாகத் தகவல் உள்ளவர் யார்? கடைசியில் இருக்கும் கராஜ் மனிதர். எஃப்டிடிஐ தண்டனையைக் கொண்டுபோய் இறக்கியது சரியாக அவர் தலையில். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

நகலால் கம்பெனிக்கு நஷ்டமே இல்லை என்று சொல்லவும் முடியாது. அதையும் பேசத்தான் வேண்டும். கனடாவில் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்று ஒரு சின்ன கம்பெனி. காரின் ஓபிடி சாக்கெட்டோடு பேசும் ஈஎல்எம்327 என்ற சிப்பை உருவாக்கியது அவர்கள்தான். முதல் பதிப்பில், உள்ளே எழுதிய நிரலை யாரும் படிக்க முடியாதபடி பூட்டும் வசதியைப் போடாமல் விட்டுவிட்டார்கள். முடிந்தது கதை. அந்த 1.0 நிரலை அப்படியே உருவி, அதற்கு 1.5 என்று பெயர் சூட்டி உலகம் பூராவும் விற்றார்கள். 1.5 என்று ஒரு பதிப்பை எல்ம் வெளியிடவே இல்லை! 2022-இல் எல்ம் கடையையே மூடிவிட்டது. இதைப் படித்தால் எஃப்டிடிஐ மேல் கூட ஒரு நொடி பரிதாபம் வரும். டிரைவர் எழுதுவதற்கும் அதைச் சோதித்துச் சான்று வாங்குவதற்கும் செலவு இருக்கிறது. அந்த உழைப்பில் ஓசிச் சவாரி செய்கிறது போலி. போலி சரியாக வேலை செய்யாவிட்டால் திட்டும் நிஜக் கம்பெனிக்குத்தான் விழுகிறது. எல்லாம் உண்மை. ஆனால் ஒன்று: எல்ம் யாருடைய கேபிளையும் கொல்லவில்லை.

ட்யூனிங்காரர்கள் பக்கத்திலிருந்தே வரும் இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. "ஈசியூவை எழுதுவது விளையாட்டு இல்லை. சுபாருவில் பச்சை நிற டெஸ்ட் கனெக்டரைச் சேர்த்துவிட்டு புது நிரலை ஏற்றும்போது முதலில் பழையது அழிக்கப்படும், பிறகுதான் புதியது எழுதப்படும். நடுவில் கேபிள் சொதப்பினால் ஈசியூ வெறும் டப்பா. அப்படிப்பட்ட வேலைக்குப் போலி கேபிளை வைத்துக்கொள்ளலாமா? கம்பெனி அதை ஒழித்தது நல்லதுதானே?" என்பது அந்த வாதம்.

போலி கேபிளோடு ஈசியூவை எழுதக் கூடாது. சரி. லேப்டாப்பின் பேட்டரி பாதியாக இருக்கும்போது எழுதக் கூடாது, யூஎஸ்பி போர்ட்டைத் தூங்கவைக்கும் மின்சிக்கன அமைப்பை அணைக்காமல் எழுதக் கூடாது, காரின் பேட்டரிக்குச் சார்ஜர் இல்லாமல் எழுதக் கூடாது, ஸ்பார்க் பிளக் வயருக்குப் பக்கத்தில் கேபிளை ஓடவிட்டு எஞ்சினை ஓட்டிக்கொண்டே ட்யூன் செய்தால் இரைச்சலில் யூஎஸ்பி இணைப்பு அறுந்துபோகும் என்பதையும் மறக்கக் கூடாது. இதையெல்லாம் எச்சரிக்கையாகச் சொல்வது பாதுகாப்பு. ஆனால் கேபிளைக் கொல்லும் டிரைவர் எந்த நேரத்தில் வந்து இறங்கும் என்று யாருக்குத் தெரியும்? போலி கேபிள் ஒரு நாள் சொதப்பலாம். இந்த டிரைவர் வந்தால் நிச்சயமாகச் சொதப்பும். பாதுகாப்பைக் காரணம் காட்டுபவர்கள் ஆபத்தைக் கூட்டிவிட்டார்கள் என்பதுதான் வேடிக்கை.

2016-இல் நடந்தது இதைவிட மோசம் என்று கூடச் சொல்லலாம். முதல் தடவை ஊரே கூடித் திட்டியதால் 2014 அக்டோபரிலேயே அந்த டிரைவர் விண்டோஸ் அப்டேட்டிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. தலைமை நிர்வாகி ஃப்ரெட் டார்ட், பயனாளர்களின் சாதனத்துக்கு ஆபத்தில்லாத வேறு வழியில் போலியை எதிர்கொள்வோம் என்கிற பொருளில் அறிக்கை விட்டார். அந்த வேறு வழி 2016 ஆரம்பத்தில் தெரிந்தது. புதிய டிரைவர் போலியின் எண்ணை மாற்றவில்லை. அதற்குப் பதிலாக, ஓட வேண்டிய தரவின் இடத்தில் 'நிஜமல்லாத சாதனம் கண்டுபிடிக்கப்பட்டது!' என்ற ஆங்கில வாசகத்தை ஓடவிட்டது. திரையில் எச்சரிக்கையாக இல்லை, தரவுக்குள்ளே! சீரியல் கம்பியின் ஒரு முனையில் இருப்பது மனிதன் இல்லை, இயந்திரம். அது வாசகத்தைப் படித்து வெட்கப்படாது. எழுத்துகளை எண்களாக எடுத்துக்கொள்ளும். எரிபொருள் அளவு வர வேண்டிய இடத்தில் வசை வந்தால் என்ன ஆகும்? ஒழுங்காக எழுதப்பட்ட மென்பொருள் சரிபார்ப்பு எண் ஒத்துவரவில்லை என்று தள்ளிவிடும். ஒழுங்காக எழுதாததும் உலகத்தில் நிறைய இருக்கிறது. கார் மட்டுமா, தொழிற்சாலை இயந்திரங்களும் ஆய்வக உபகரணங்களும் இதே கம்பியில்தான் பேசுகின்றன. போலீஸ்காரர் திருடனைப் பிடிக்க ஓடுகிற பஸ்ஸின் ஸ்டியரிங்கில் கைவைக்கிற கதை.

இதில் உண்மையில் களவுபோனது கேபிள் கூட இல்லை. கேபிள் போனால் சில டாலர். எஃப்டிடிஐயின் சொந்தக் கருவியான எஃப்டி ப்ராக்கையே வைத்து, பழைய டிரைவரோடு, செத்த கேபிளின் எண்ணை மறுபடி 6001 ஆக்கி உயிர்ப்பித்தவர்கள் நிறைய. போனது வேறு. வருடக்கணக்காக எல்லோரிடமும் "விண்டோஸ் அப்டேட்டை அணைக்காதீர்கள், பாதுகாப்புக்கு அது அவசியம்" என்று தொண்டை கிழியச் சொல்லிவந்தார்கள். அந்த ஒரே கால்வாயில்தான் வைரஸுக்கு மருந்தும் வருகிறது. அதில் ஒரு தனியார் கம்பெனி தன் வியாபாரத் தகராறைக் கலந்துவிட்டது. விளைவு? ட்யூனிங் லேப்டாப் அமைப்பது எப்படி என்று யாரிடம் கேட்டாலும் வரும் முதல் உபதேசம்: "அப்டேட்டை அணை, இன்டர்நெட்டைப் பிடுங்கு, அப்புறம் கேபிளைச் சொருகு." வேலை செய்யும் உபதேசம்தான், அதுதான் கொடுமை. அதே லேப்டாப்பைத்தான் அந்த மனிதர் சாயங்காலம் நெட்பேங்கிங்குக்கும் திறப்பார். 2005-இல் சோனி பிஎம்ஜி பாட்டு சிடிக்குள் காப்பித் தடுப்பு என்ற பெயரில் ரூட்கிட்டை ஒளித்துவைத்து மாட்டிக்கொண்டு, சிடிக்களைத் திரும்பப் பெற்றது. அதற்கு ஒன்பது வருடம் கழித்து இன்னொரு கம்பெனி அதே குட்டிச்சுவரில் போய் முட்டிக்கொண்டது.

மைக்ரோசாஃப்டும் இதில் சும்மா தப்பிக்க முடியாது. கதவு அவர்களுடையது. சான்று முத்திரையும் அவர்களுடையது. உள்ளே வந்த பார்சலில் கத்தி இருந்தது தெரியாது என்றால், அந்தச் சான்றுக்கு என்ன மதிப்பு?

இந்தப் பக்கமும் சுத்தம் இல்லை. மலிவு கேபிளோடு ஒரு எட்டு சென்டிமீட்டர் குட்டி சிடி வரும். அதில் உடைத்த மென்பொருள் இருக்கும், "ஆன்டிவைரஸை அணைத்துவிட்டு நிறுவவும்" என்று ஒரு குறிப்பும் இருக்கும். சிரித்த முகத்தோடு அணைப்பார்கள்! காருக்கு டர்போவும் இன்டர்கூலரும் வாங்க ஆயிரக்கணக்கில் செலவு செய்த ஆசாமி, ஈசியூவைத் தொடும் கேபிளில் மட்டும் சிக்கனம் பிடிப்பார். டாக்ட்ரிக்ஸின் ஓபன்போர்ட் 2.0 நிஜத்துக்கும் நகலுக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று தெரிந்தே நகலை வாங்கிவிட்டு, எழுதும்போது நின்றுபோனால் அநியாயம் என்று கூப்பாடு போடுபவர்களுக்கு அழ யாரும் தேவையில்லை. தெரிந்து வாங்கியவர் வேறு, தெரியாமல் வாங்கியவர் வேறு. டிரைவருக்கு இரண்டு பேரும் ஒன்றுதான். அதனால்தான் தீர்ப்பு சொல்லும் வேலையை டிரைவரிடம் கொடுக்கக் கூடாது.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. எஃப்டிடிஐ கொன்ற 0000 கேபிள்களை லினக்ஸ் கெர்னல் என்ன செய்தது தெரியுமா? 2014-லேயே அந்த 0000 எண்ணையும் தன் பட்டியலில் ஒரு வரியாகச் சேர்த்துக்கொண்டது. சண்டை போடவில்லை, அறிக்கை விடவில்லை. வா, உட்கார் என்றது. சிஹெச்340 வேறு மாதிரி நியாயம் செய்தது: சொந்தத் தயாரிப்பாளர் எண், சொந்த டிரைவர், யாருடைய முகமூடியும் இல்லை, விலையும் சல்லிசு. ஸ்பீடுயினோ என்ற திறந்த மூல ஈசியூ ஓடும் அர்டுயினோ மெகா நகல்களில் இன்று சாதாரணமாக இருப்பது அதுதான். இன்னும் சிறந்த வழி ரஸ்ஈஎஃப்ஐ மாதிரியான பெட்டிகளில் இருக்கிறது. துபாஷி சிப்பே இல்லை, ஈசியூவின் முக்கிய சிப்பே நேரடியாக யூஎஸ்பி பேசும், யூஎஸ்பியின் பொதுவான சீரியல் வகையாகத் தன்னைச் சொல்லிக்கொள்ளும். விண்டோஸ் 10 முதல் அதற்கான டிரைவர் உள்ளேயே இருக்கிறது. நடுவில் கம்பெனி இல்லை, எனவே நடுராத்திரி விருந்தாளியும் இல்லை. புதிதாகப் பெட்டி வாங்குபவர்கள் குதிரைத்திறன் கணக்குக்கு முன்னால் இதைக் கேட்டுக்கொள்ளலாம்.

"நிஜ சரக்கை வாங்கினால் ஒரு பயமும் இல்லையே" என்று இன்னும் சொல்பவர்களுக்கு ப்ரோலிஃபிக்கின் கதை இருக்கிறது. அவர்களுடைய பிஎல்2303 சிப்பையும் நகலெடுத்தார்கள். நகலெடுக்கப்பட்டது ஹெச்எக்ஸ்ஏ என்ற பழைய பதிப்பு. நகல் எது நிஜம் எது என்று பிரிக்கும் தலைவலியைப் ப்ரோலிஃபிக் ஒரே வெட்டில் தீர்த்தது: புதிய டிரைவர் அந்தப் பதிப்பு மொத்தத்தையும் கைவிட்டது. கடையில் முழு விலை கொடுத்து, ரசீதோடு, நிஜமான ப்ரோலிஃபிக் சிப் உள்ள கேபிளை வாங்கியவரும் அதில் அடக்கம். கேபிள் கெடவில்லை. பழைய டிரைவரைத் தேடிப் பிடித்து டிவைஸ் மேனேஜரில் கையால் தேர்ந்தெடுத்தால் இன்றைக்கும் பல இடங்களில் அதே கேபிள் ஓடுகிறது. அடுத்த அப்டேட் வந்து மாற்றும்வரை ஓடும். மாற்றியதும் மஞ்சள் முக்கோணம், பக்கத்தில் ஒரு வரி: பிஎல்2303 ஹெச்எக்ஸ்ஏ 2012 முதல் கைவிடப்பட்டது, தயவுசெய்து உங்களுக்கு விற்றவரைத் தொடர்புகொள்ளவும்.

விற்றவரை! பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கேபிள் விற்ற கடை, பெயர்ப்பலகை மாறி இப்போது மொபைல் கவர் விற்றுக்கொண்டிருக்கும்.